யார் யார் திறக்கலாம்

சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், குரலைக்கூட உயர்த்தாமல், "அப்போ நீங்கதானே திருடினது?" என்று கட்டின கணவனைக் கேட்ட பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் என் தம்பியின் மனைவி. கேட்கப்பட்டவன் என் தம்பி. 'எல்லோர்' என்று சொன்னேனே, அது நான் ஒருத்திதான். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பாடம் நடத்துகிறவள் இல்லை. அங்கே லினக்ஸ் சர்வர் என்று ஒன்று, அலமாரி மாதிரி, குளிரூட்டிய அறையில் நிற்கிறது. கல்லூரியின் சகலமும் அதற்குள்தான் கிடக்கிறது. அதில் யார் எந்த இடம் வரை போகலாம், எதைப் படிக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்பதை முடிவு செய்து பூட்டி வைப்பவள் இவள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. "அப்போ வாட்ச்மேன் வேலையா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுளிப்பாள் என்று பார்த்தால், கொஞ்சம் யோசித்து, "கிட்டத்தட்ட அதுதான் அண்ணி. உட்கார்ந்துக்கிட்டு செய்யுறது, அவ்வளவுதான்" என்றாள்.

அதுதான் அவள். கிண்டலுக்கும் கேள்விக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வரும். ஒரு தடவை தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். "காதுக்குப் பின்னாடி விட்டுப்போச்சு அண்ணி" என்றாள். நான் வேலை பார்ப்பது பல் மருத்துவரிடம், உதவியாளராக. வாயைத் திறந்ததும் பொய் சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். ராத்திரியும் பல் தேய்க்கிறோம் என்று சத்தியம் செய்வார்கள். பல் வேறு கதை சொல்லும். அப்படிப்பட்ட எனக்கு, வீட்டுக்குள் பொய்யே வராத ஒரு வாய் வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் 'பூட்டு மேடம்'. காதுபடவே சொல்வார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். என் தம்பிக்கும் அங்கேதான் வேலை, தேர்வுப் பிரிவில் எழுத்தர். காதல் கல்யாணம். பாஸ்வேர்டை மறந்துவிட்டேன், பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று அடிக்கடி அவள் அறை வாசலில் போய் நின்றிருக்கிறான். நிஜமாகவே மறந்தானா, மறந்த மாதிரி நடித்தானா என்று கேட்டால் இன்றைக்கும் சிரித்து மழுப்புவான். அவர்கள் கீழ்த்தளம், நான் மாடி, சமையலறை பொது. மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

அவள் வேலையின் சூட்சுமத்தை ஒரு நாள் அந்த மேசையில்தான் எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகச் சாவி கொடுத்தால் கட்டி மாளாதாம். அதனால் குரூப் என்று ஒன்றை உண்டாக்குவார்கள். நூலகத்துக்காரர்கள் ஒரு குரூப், கணக்குப் பிரிவு ஒரு குரூப், தேர்வுப் பிரிவு ஒரு குரூப். ஒரு ஃபோல்டரை ஒரு குரூப்புக்கு என்று எழுதி வைத்துவிட்டால், அந்தக் குரூப்பில் பெயர் உள்ளவருக்கு மட்டும் திறக்கும். மற்றவர்களுக்கு 'அனுமதி இல்லை' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். தம்பி உடனே, "நூலக ஃபோல்டர்ல நல்ல நல்ல பழைய படமெல்லாம் இருக்காமே, எனக்குக் கொஞ்சம் திறந்து விடேன்" என்றான்.

"நீங்க அந்தக் குரூப்ல இல்லையே" என்றாள்.

"உன் புருஷன்னு ஒரு குரூப் உண்டாக்கிடு."

"அதுல ஒரு ஆள்தான் இருப்பார். அதுக்குக் குரூப் எதுக்கு?" என்று நிஜமாகவே கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் அந்த விஷயம் வந்து விழுந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்குத் தேர்வு. கேள்வித்தாளைக் கொடுத்ததும், சில பேர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் மளமளவென்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். கண்காணித்தவருக்குச் சந்தேகம் வந்து விசாரித்ததில், முந்தைய நாளே அந்தக் கேள்வித்தாள் மாணவர்களின் கைப்பேசிகளில் சுற்றியது தெரிந்தது. யாரோ கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். தேர்வு ரத்து. கல்லூரியே ரணகளம்.

கேள்வித்தாள் இருந்தது சர்வரில், தேர்வுப் பிரிவின் ஃபோல்டரில். முதல்வர் நேராக பூட்டு மேடத்தின் அறைக்கு வந்து நின்றார். "இதை யார் யார் திறக்கலாம்?" என்று கேட்டார். அவள் அவர் கண் முன்னாலேயே தேர்வுக் குரூப்பின் பெயர்களைத் திரைக்கு வரவழைத்தாள். இரண்டே பெயர்கள். ஒன்று தேர்வு அதிகாரி. அவர் இடுப்பெலும்பு உடைந்து, அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கையில் மயக்க மருந்திலும் வலி மருந்திலும் கிடந்தவர். கேள்வித்தாள் ஃபோல்டருக்குள் போனதே அவர் படுத்த பிறகுதான். இன்னொரு பெயர் என் தம்பியுடையது.

முதல்வருக்கே சங்கடமாகிவிட்டதாம். "நல்லா பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றாராம்.

"நல்லா பார்த்துட்டேன் சார். ரெண்டு பேர்தான்" என்றாளாம் இவள்.

அன்று மத்தியானமே தம்பியை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக் குழு போடுவார்கள், குற்றம் உறுதியானால் வேலையோடு போகாது, போலீஸ் வரைக்கும் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவனின் முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் இவனை மாட்டிவிட்டது, எந்தப் பாவி பெயரைச் சொன்னது என்று நான் கத்த, அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவதான் சொன்னா அக்கா. அவகிட்ட கேட்டாங்க, இருக்கறதைச் சொன்னா. அவ என்ன பண்ணுவா?" என்றான்.

இருக்கிறதைச் சொன்னாள். அது வரைக்கும்கூட நான் விழுங்கிக்கொண்டேன். வேலை என்றால் வேலைதான். ஆனால் சாயந்தரம் வந்தாள், கை கால் கழுவினாள், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டில் கை வைக்காமல் அவனைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தாள், ஏதோ பழுதான மெஷினிடம் கேட்பதுபோல.

"உங்க பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"எங்கயாவது எழுதி வச்சீங்களா?"

"இல்ல."

"ஃபோல்டரைத் திறந்து வச்சுட்டு நடுவுல எழுந்து எங்கயாவது போனீங்களா?"

"நீதான் சொல்லிக் கொடுத்திருக்கியே. தண்ணி குடிக்கப் போனாக்கூட மூடிட்டுத்தான் போவேன்."

அவள் தண்ணீர்க் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி. "அப்போ நீங்கதானே திருடினது?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. கையிலிருந்த கரண்டி குழம்புப் பாத்திரத்துக்குள் விழுந்து மேசைத் துணியெல்லாம் தெறித்தது. தம்பி அசையவில்லை. அவன் முகத்தை நான் குழந்தையிலிருந்து பார்க்கிறேன். அப்பா போனபோதுகூட அந்த முகம் அப்படி வெளுத்துப் பார்த்ததில்லை. "என்ன பேச்சு பேசுற நீ? அவன் உன் புருஷன்டி" என்றேன். 'டி' போட்டு அவளை நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணி, ரெண்டு பேர்தான் திறக்கலாம். ஒருத்தரால எழுந்திருக்கவே முடியல" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுதுகொண்டே கணக்குச் சொல்கிறாள். இப்படி ஒரு பெண்ணை என்ன செய்வது, சொல்லுங்கள்.

தம்பி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு, வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் பின்னாலேயே போனாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வழியாகக் காதைக் கொடுத்தேன். ஆமாம், ஒட்டுத்தான் கேட்டேன், என் தம்பி இல்லையா. அவள் அவன் தோளில் கை வைத்து, "செஞ்சிருந்தாலும் பரவாயில்ல. எத்தனை வருஷம் ஆனாலும் நான் உங்ககூடத்தான் இருப்பேன். ஏன் செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். சந்தேகப்பட்டதைக்கூட மன்னித்துவிடலாம். இந்த அன்பை எப்படித் தாங்குவது? அவன் மெதுவாக அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் வீட்டிலேயே கிடந்தான். மின்விசிறி துடைத்தான், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான், நன்றாக இருந்த நாற்காலியைக் கழற்றி மறுபடி பூட்டினான். மளிகைக் கடைக்குப் போனால் பின்னால் குசுகுசு. எதிர்வீட்டுக்காரர் வழக்கமாகக் கையசைப்பவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மும்முரத்தில் தலை நிமிராமல் இருந்தார். விசாரணைக் குழு கூப்பிட்டது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டு வந்தான். என்ன கேட்டார்கள் என்றால், "கேட்டாங்க, சொன்னேன்" என்பதோடு சரி. அவளிடம் தேவைக்குப் பேசினான். உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான். அவள் காலையில் கிளம்பிப் போனாள், வந்தாள், சமைத்தாள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்து, "ஏன் கண்ணு சிவந்திருக்கு?" என்று கேட்டால், "அழுதேன் அண்ணி" என்பாள். ஒரு பேச்சுக்காவது தூசி விழுந்தது என்று சொல்லத் தெரியாத ஜென்மம்.

நான் அவளோடு சண்டை போட்டுப் பார்த்தேன். என் தம்பியைப் பற்றி உனக்கு என்ன தெரியும், அவன் மிட்டாய்க்குக்கூடப் பொய் சொன்னதில்லை என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எனக்கும் அவர் நல்லவர்னுதான் தெரியும் அண்ணி. ஆனா ஃபோல்டர் தானாத் திறக்காதே" என்றாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு ஒரு நாள் காலை, அவள் அறைக்கு ஒரு மாணவி வந்திருக்கிறாள். செஸ் குழுவின் தலைவி. ஆடின ஆட்டங்களையெல்லாம் சேர்த்து வைக்க ஒரு இடம் வேண்டும் என்று குழு கேட்டிருந்ததால், சர்வரில் செஸ் என்று ஒரு குரூப் உண்டாக்கி, புதிதாக ஒரு ஃபோல்டரும் போட்டுக் கொடுத்திருந்தாள் இவள். "மேடம், எங்க ஃபோல்டர் எங்களுக்கே திறக்க மாட்டேங்குது. அனுமதி இல்லைன்னு வருது" என்றாள் அந்தப் பெண். உப்புப் பெறாத விஷயம். கணவன் வேலை அந்தரத்தில் தொங்கும்போது வேறு யாராயிருந்தாலும் நாளைக்கு வா என்று அனுப்பியிருப்பார்கள். இவள் எழுந்தாள்.

முதலில் அந்த மாணவியின் பெயர் குரூப்பில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஒருவரைக் குரூப்பில் சேர்த்தாலும், அவர் ஒரு தடவை வெளியேறி மறுபடி லாகின் செய்து வந்தால்தான் அது செல்லுபடியாகுமாம். பாதிப் புகார்கள் அதிலேயே தீர்ந்துவிடும் என்பாள். "வெளிய வந்து மறுபடி உள்ள போனியா?" என்று கேட்டாள். போனாளாம், பல தடவை. சரி, நேரில் பார்க்கலாம் என்று மாணவர்களின் கம்ப்யூட்டர் லேபுக்குப் போனாள். அந்தப் பெண் லாகின் செய்து வைத்திருந்த மெஷினில் உட்கார்ந்து, சர்வரில் உள்ள ஃபோல்டர்களை எல்லாம், எது எந்தக் குரூப்புக்கு உரியது என்ற விவரத்தோடு வரிசையாகத் திரையில் வரவழைத்தாள்.

புதிய செஸ் ஃபோல்டருக்கு நேரே குரூப்பின் பெயர் இல்லை. வெறும் ஒரு எண் நின்றது. இது என்ன கூத்து என்று கண்ணை மேலே ஓட்டியவள், அப்படியே உறைந்துவிட்டாள். தேர்வுப் பிரிவின் ஃபோல்டருக்கு நேரே, தேர்வு என்று இருக்க வேண்டிய இடத்தில், செஸ் என்று இருந்தது.

அவளுக்குக் காது அடைத்துப்போய், லேபில் ஓடிக்கொண்டிருந்த குளிர்சாதனத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லையாம். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, அவள் லாகினிலிருந்தே தேர்வு ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறாள். திறந்தது. 'அனுமதி இல்லை' என்ற வரி வரவில்லை. கேள்வித்தாள்கள் வரிசையாக, பாடவாரியாக, என் தம்பி அடுக்கி வைத்த ஒழுங்கிலேயே இருந்தன.

இதை அவள் எனக்கு விளக்கின விதத்திலேயே சொல்கிறேன். மெஷினுக்குப் பெயர் என்பது நம் சௌகரியத்துக்கு. அதற்கு உள்ளே தெரிந்ததெல்லாம் எண்தான். குரூப் ஒன்றை உண்டாக்கினால், அடுத்த எண் எதுவோ அதைக் கொடுத்துவிடும். சர்வரில் அவள் முதலில் அலுவலகம், பிறகு நூலகம், பிறகு கணக்கு, நான்காவதாகத் தேர்வு என்று உண்டாக்கினாள். மாணவர் லேபில் வேறொரு சமயம் உட்கார்ந்து, மாணவர் குழுக்களுக்காக நாடகம், இசை, கால்பந்து, செஸ் என்று உண்டாக்கினாள். அங்கே நான்கு என்றால் தேர்வு, இங்கே நான்கு என்றால் செஸ். இரண்டும் வேறு வேறு கட்டடத்தில் தன் பாட்டுக்கு இருந்தவரை ஒன்றுமில்லை. பின்னால் ஆசிரியர்கள் கேட்டார்கள் என்று, லேபில் இருந்தபடியே சர்வரைப் பார்க்கிற மாதிரி இரண்டையும் இணைத்தாள். பாடக் குறிப்புகளை மட்டும் காட்டியிருக்கலாம். எல்லாவற்றுக்கும்தான் பூட்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் முழுவதையும் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து செஸ் குழுவில் யார் லேபிலிருந்து தட்டினாலும், லேப் மெஷின் சர்வரிடம் 'நான்காம் எண் வந்திருக்கிறது' என்று சொல்லும். சர்வர் தன் கணக்கைப் பார்க்கும். நான்கா, தேர்வுப் பிரிவு, வாருங்கள் என்று கதவைத் திறந்துவிடும். எனக்கு இது எங்கள் கிளினிக்கை வைத்துத்தான் புரிந்தது. பக்கத்தில் கண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அங்கே வாங்கிய நான்காம் டோக்கனோடு ஒருவர் எங்கள் நாற்காலியில் வந்து சாய்ந்தால், நாங்கள் எண்ணை மட்டும் பார்த்துப் பல்லைப் பிடுங்கிவிடுவோம்.

புதிய செஸ் ஃபோல்டர் அந்தப் பெண்ணுக்குத் திறக்காததும் இதே கோளாறுதான். சர்வரில் புதிதாகப் போட்ட செஸ் குரூப்புக்கு வேறு ஏதோ ஒரு எண் விழுந்திருந்தது. லேபுக்கு அந்த எண்ணைத் தெரியாது. தங்கள் ஃபோல்டர் தங்களுக்குத் திறக்காது, ஊரார் ஃபோல்டர் திறக்கும்.

அவள் முதலில் லேபுக்கும் சர்வருக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்தாள். பிறகு முதல்வர் அறைக்குப் போனாள். நடந்து போனாளா ஓடினாளா என்று அவளுக்கே நினைவில்லை. "சார், தப்பு என்னுடையது. தேர்வு ஃபோல்டரை செஸ் குழுவில இருக்கிற எல்லாராலயும் திறக்க முடியும். நான் அப்படிப் பண்ணி வச்சிருக்கேன், தெரியாம" என்றாள். முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். மெஷின் கோளாறு என்று எழுதிக் கொள்ளலாமே என்று அந்த நல்ல மனிதர் ஒரு வழி காட்டியும் பார்த்திருக்கிறார். "மெஷின் நான் சொன்னதைத்தான் சார் செஞ்சது" என்று சொல்லிவிட்டாள்.

செஸ் குழுவைக் கூப்பிட்டு விசாரித்ததும், ஒரு மாணவன் கொஞ்ச நேரத்திலேயே ஒப்புக்கொண்டான். ஏதோ தேடும்போது தற்செயலாகத் திறந்ததாம். திறந்தது என்று தெரிந்ததும் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறான். என் தம்பி மீது எந்தக் குற்றமும் இல்லை என்று விசாரணைக் குழு எழுதிக் கொடுத்தது. பூட்டு மேடத்துக்குக் கண்டனமும் எச்சரிக்கையும். வேலை போகவில்லை. அவளைத் தவிர அந்த மெஷினைத் தொடத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று வீட்டில் மூச்சு திரும்பி வந்தது. தம்பி சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். அவன் குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் காலை நீட்டிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எங்கள் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "அவதான் சித்தி கண்டுபிடிச்சா. என்னைக் காப்பாத்தணும்னு ஒவ்வொரு மெஷினா தேடியிருக்கா. வேற யாராயிருந்தாலும் விட்டிருப்பாங்க." சொல்லும்போது அவளைப் பார்த்துச் சிரித்தான். அத்தனை நாளுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது. அப்பாடா என்று எனக்கு உடம்பே லேசானது.

அவன் கைப்பேசியை வைக்கும்வரை அவள் காத்திருந்தாள். "என்னங்க, அப்படிச் சொல்லாதீங்க. நான் உங்களுக்காகத் தேடல" என்றாள்.

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். வாயை மூடு என்று உதட்டில் விரலைக்கூட வைத்தேன். அவள் என் பக்கம் பார்த்தால்தானே.

"செஸ் குழுப் பொண்ணு வந்து அவ ஃபோல்டர் திறக்கலைன்னு சொன்னா. அதைப் பார்க்கத்தான் போனேன். போன இடத்துல இது கண்ணுல பட்டுச்சு."

தம்பியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "அந்தப் பொண்ணு வராம இருந்திருந்தா?" என்று கேட்டான்.

பொய் சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் மடியில் இருந்த சட்டையை நீவிவிட்டாள். யோசித்தாள். "நீங்கதான்னு நினைச்சுட்டே இருந்திருப்பேன்" என்றாள்.

எனக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. கூடிவந்த நேரத்தில் குடத்தைப் போட்டு உடைக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று காலை மடக்கினேன். ஆனால் தம்பிக்குக் கோபம் வரவில்லை. அவன் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகப் பேசினான்.

"விசாரணையில என்னை ஒண்ணு கேட்டாங்க. உங்களையும் தேர்வு அதிகாரியையும் தவிர வேற யாராலயாவது அதைத் திறக்க முடியுமான்னு. யாராலயும் முடியாதுன்னு சொன்னேன்."

"அப்போ தெரிஞ்ச வரைக்கும் சரிதானே" என்றாள் அவள்.

"சரியில்ல. உன்னால முடியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. சர்வரை ஆள்பவருக்கு என்று ஒரு லாகின் உண்டாம். அதற்கு எந்தக் குரூப்பிலும் பெயர் தேவையில்லை, எந்தப் பூட்டும் அதைத் தடுக்காது. அது இருந்தது இவளிடம் மட்டும். முதல்வருக்கு அது தெரியாது, விசாரணைக் குழுவுக்குத் தெரியாது. பட்டியலை வரவழைத்தவளுக்குத் தெரியும். ஆனால் பட்டியலில் இல்லாத தன்னை அவள் எண்ணவே இல்லை. அவள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த என் தம்பிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா உன்னையும் அந்த நாற்காலியில உட்கார வச்சுக் கேட்பாங்க." பிறகு சொன்னான்: "நான் செய்யலன்னு எனக்குத் தெரியும். அவர் ஆஸ்பத்திரியில இருந்தார். மிச்சம் நீ ஒருத்திதான். உன் கணக்குப்படி பார்த்தா, அன்னைக்கு சாப்பிடும்போது நான்தான் உன்னைக் கேட்டிருக்கணும்."

அவள் மடியிலிருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்தது. இத்தனை நாள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தவன் இதை மனசில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தான்?

"நீங்க ஏன் கேட்கல?" என்றாள். அதையும் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அவளுக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது. "கணக்கு சரியாத்தானே இருக்கு. ஏன் என்மேல சந்தேகம் வரல?"

அவன் குனிந்து அந்தச் சட்டையை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். "நீயாச்சே" என்றான்.